ஒரு கோடைக்கான ரயர்

கிறிஸ்தோப்பருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் டயாலிஸிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவரும் மனைவி புஷ்பமலரும் ஹம்பேர்க்கை விட்டு வேறெங்கும் தங்கியதில்லை. கெவலார் மாதா கோவிலுக்குக்கூட விடியப் போய் அன்றைக்கே திரும்பி வந்தார்கள். சாப்பாட்டிலும் ஆயிரம் கவனம். உப்புக் கூடாது, தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும், உருளைக்கிழங்கை வெட்டி ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஹோட்டல் சாப்பாடு அவருக்குச் சரிவராது.

வோன்வாகன் யோசனை புஷ்பமலருடையது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற வீட்டுவண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு தாதி தன்னுடைய பழைய வண்டியை விற்கப் போவதாகச் சொன்னபோது, வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டாள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் டயாலிஸிஸ் செய்கிற நிலையம் ஒன்று பால்டிக் கடற்கரையில் இருப்பதை விசாரித்து இடம் எடுத்ததும் அவள்தான்.

கிறிஸ்தோப்பர் மறுக்கவில்லை. துறைமுகத்துக் களஞ்சியத்தில் பாரம்தூக்கி ஓட்டிய மனிதர் அவர். சிறுநீரக வருத்தம் வந்து வேலை நின்றதிலிருந்து வீட்டு யன்னலோடு இருந்தவர், வண்டி வந்ததும் கீழே இறங்கினார். கூரையைத் தேய்த்துக் கழுவினார், பின்விளக்குகளைப் பார்த்தார், காஸ் குழாயை மாற்றினார். சக்கரத்து ரயர்களை மட்டும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிட்டார்.

ரயர் பழசு, தூரம் போகமுதல் மாற்றச் சொல் என்று அந்தத் தாதி புஷ்பமலரிடம் சொல்லியிருந்தாள். புஷ்பமலர் அதை வந்து சொன்னாள்.

“தேயவே இல்லை, பாரும். பள்ளமெல்லாம் அப்பிடியே கிடக்கு,” என்றார் அவர். “இந்த ஒரு கோடைக்குக் காணும்.”

வண்டி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது தனக்கென்ன தெரியும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

யூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலையிலேயே புறப்பட்டார்கள். அன்று மதியம் புது இடத்தில் அவருக்கு டயாலிஸிஸ். லூபெக்கைத் தாண்டி ஓட்டோபான் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் பலகையால் அறைந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஸ்டியறிங் உதறியது. கண்ணாடியில் பார்த்தால் வோன்வாகன் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டு வருகிறது. கிறிஸ்தோப்பர் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. காலை மெல்ல எடுத்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பாரவண்டி ஒன்று ஹோனை நீட்டி அடித்தபடி கடந்துபோனது.

இரண்டு பேரும் மஞ்சள் பாதுகாப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தடுப்புக்கு அப்பால் புல்லில் போய் நின்றார்கள். வலப்பக்க ரயர் நார் நாராகக் கிழிந்து, சில்லு தார்மேல் நின்றது. கிழிந்த ரப்பர் அடித்த அடியில் சில்லுக்கு மேலிருந்த தகடு பிளந்து, உள்ளே இருக்கையின் கீழ் வைத்திருந்த அரிசிப் பை உடைந்து, அரிசி றோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. புஷ்பமலர் உதவி வண்டியை அழைக்க மூன்று தரம் பிழையாக எண்ணை அழுத்தினாள். கிறிஸ்தோப்பர் கொட்டுகிற அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உதவிக்கு வந்தவர் வோன்வாகனைத் தன் பாரவண்டித் தட்டில் ஏற்றிப் பக்கத்துக் கிராமத்து கராஜ் ஒன்றில் இறக்கிவிட்டார். உழவு இயந்திரங்களும் வோன்வாகன்களும் திருத்துகிற இடம். கராஜ்காரர் லோறன்சன், பேச்சுக் குறைந்த மனிதர், வெடித்த ரயரைச் சும்மா பார்த்துவிட்டு நேரே வெடிக்காத மற்ற ரயரடியில் போய்க் குந்தினார். விளக்கைப் பிடித்துக் காட்டினார். பக்கச் சுவர் முழுக்க வற்றின குளத்து மண் போல வெடிப்பு. பக்கத்தில் சின்னதாக நான்கு இலக்கம் அச்சடித்திருந்தது. முதல் இரண்டும் செய்த வாரம், மற்ற இரண்டும் செய்த ஆண்டு. பதினொரு வயது ரயர்.

இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் கூட, அதனால் ரயர் தேயாது, வெயிலிலும் பாரத்திலும் நின்று நின்றே ரப்பர் காய்ந்துவிடும் என்று லோறன்சன் சொன்னார். வாங்கும்போது பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, வயதைப் பார்க்க வேண்டும். அவரிடம் ஒருவர் கழற்றிக் கொடுத்த பழைய சோடி ஒன்று இருந்தது. இன்னும் ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை தாங்கும். புதுச்சோடி வேண்டுமென்றால் பக்கத்துப் பட்டினத்திலிருந்து பின்னேரத்துக்குள் எடுப்பிக்கலாம். அதில் ஆறு வருடம் ஓடலாம்.

“பழசிலை ஒண்டு போடச் சொல்லும்,” என்றார் கிறிஸ்தோப்பர் தமிழில். “மற்றது இருக்கட்டும்.”

“மற்றதுக்கும் அதே வயதுதானே,” என்றாள் அவள்.

“அப்ப ரெண்டும் பழசு போடுவம். புதுசு ஆறு வருசத்துக்கு. அவ்வளவு காலத்துக்கு எனக்குத் தேவைப்படாது.”

அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். புஷ்பமலருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். லோறன்சன், மொழி தெரியாவிட்டாலும், கையைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

டயாலிஸிஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் நிலையத்துக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். உடனே வந்தால் இயந்திரம் வைத்திருக்கிறோம் என்றார்கள். எந்த ரயர் என்று வந்து சொல்கிறேன் என்று லோறன்சனிடம் சொல்லிவிட்டு, கணவரைப் பக்கத்தில் இருத்திக் காரை எடுத்தாள்.

கடுகு மஞ்சளாகப் பூத்து முடிந்த வயல்களுக்கு நடுவே றோட்டு ஓடியது.  பிறகு கிறிஸ்தோப்பர்தான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, ஞானசுந்தரத்தைப் பற்றிச் சொன்னார். ஹம்பேர்க்கில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் படுத்து இரத்தம் சுத்தம் செய்தவர் ஞானசுந்தரம், தவக்காலத்தில் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் புஷ்பமலரும் போயிருந்தாள்.

“அடுத்த முறை நான் போகேக்கை அவரின்ரை கதிரையிலை வேறை ஆள். போர்வையும் மாத்தியிருந்தவை. மாத்துச் சிறுநீரகம் வருமெண்டு அவரும் என்னை மாதிரித்தான் பாத்துக்கொண்டிருந்தவர்.”

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது.”

அவள் வேகத்தைக் குறைத்தாள். கண்ணீர் பார்வையை மறைத்தது.

“ஒரு கோடைக்குக் காணும் எண்டு நீங்கள் சொன்னது வண்டியை எண்டு நினைச்சன்.”

அவர் யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

“உங்கடை ஆயுளைப் பாத்து ரயர் எடுக்கிறியள். அது வெடிக்கேக்கை பக்கத்திலை நானும் இருந்தனான். நான் எங்கை அந்தக் கணக்கிலை?” அவள் நிறுத்தவில்லை. “நீங்கள் இல்லாட்டியும் நான் கடலுக்குப் போவன். தனியப் போவன். எனக்கு ரயர் வேணும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. இப்படி ஒரு வார்த்தையை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

அவர், “உமக்கு அதை இழுக்கத் தெரியாதே,” என்றார்.

“பழகுவன்.”

நிலையத்து வாசலில் தாதி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். புஷ்பமலர் காருக்குள் இருந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கராஜுக்குத் திரும்பினாள்.

புதுச்சோடி என்று லோறன்சனிடம் சொன்னாள். அவர் கதவோரத்துத் தகட்டிலிருந்து சாமான் ஏற்றிய வண்டியின் முழு நிறையைப் படித்துக் காட்டினார். அந்த நிறை முழுவதையும் இரண்டே ரயர்தான் சுமக்க வேண்டும் என்பதால், அதைவிடக் கொஞ்சம் கூடச் சுமக்கக்கூடிய வகை நல்லது என்றார். காற்றடைக்கிற வால்வையும் மாற்றச் சொன்னார். பின்னேரம் ரயர் வந்தது. அதன் நான்கு இலக்கத்தை அவளே குனிந்து தேடி வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். லோறன்சன் பூட்டினார். பிளந்த இடத்துக்கு ஒரு தகடு வைத்து அடைத்தார். போகிற வழியில் ஐம்பது கிலோமீற்றருக்குள் நின்று போல்டுகளைத் திரும்ப இறுக்கச் சொன்னார்.

கிறிஸ்தோப்பரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. டயாலிஸிஸ் முடிந்த நாளில் எப்போதும் அப்படித்தான். அவர் வண்டியைச் சுற்றி மெல்ல நடந்தார். ஒரு ரயரைப் பார்த்தார், மற்றதையும் பார்த்தார்.  பிறகு காரின் ஓட்டுநர் கதவடிக்குப் போனார். புஷ்பமலர் முந்தியே ஏறி இருந்துவிட்டாள்.

அவர் சற்று நின்றுவிட்டு மற்றப் பக்கமாக வந்து ஏறினார்.

சின்ன றோட்டுகளால் போனார்கள். பின்னால் இழுபடும் பாரம் அவளுக்குக் காரின் முதுகை யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. வளைவுகளில் மட்டும் அவர் வாய் திறந்தார்.

“அகலமா வளைச்சு எடும். அவசரமில்லை.”

பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்தபோது அவள் பதறினாள். இடம் வந்தால் அவர்கள் முந்திப் போவார்கள் என்று அவர் சொன்னார். அப்படியே போனார்கள்.

ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினாள். பெட்டிக்குள் இருந்த, போல்ட் இறுக்கும் நீளச் சாவியை அவர் எடுத்தார். டயாலிஸிஸ் ஊசி ஏறும் அந்தக் கையால் பாரமாக எதையும் செய்யக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

“ஒண்டை இறுக்கிப்போட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போம். பக்கத்திலை இருக்கிறதை இறுக்கக் கூடாது.”

போதிய இறுக்கம் வந்ததும் சாவி சொடுக்கென்று ஒரு சத்தம் போட்டது. மூன்றாவது போல்டில் அவள் இருக்கும்போது அவர் பக்கத்தில் குந்தினார்.

“வெடிப்பை நான் கண்டனான்,” என்றார். “கழுவேக்கையே கண்டனான். ஒருக்காப் போய் வந்தாக் காணுமெண்டு நினைச்சன். உம்மை நினைக்கேல்லை.”

புஷ்பமலர் அந்தப் போல்டைச் சத்தம் வரும்வரை இறுக்கினாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவருடைய முழங்கால் ஈரப் புல்லில் ஊன்றியிருப்பதையும் அவள் கண்டாள்.

“எழும்புங்கோ, உடுப்பு நனையும்,” என்றாள்.

கடற்கரையில் நல்ல நாளும் மழை நாளுமாகப் போயின. டயாலிஸிஸ் இல்லாத நாட்களில் அவர் தண்ணீர் விளிம்பில் கதிரை போட்டு இருந்தார். ஒரு நாள் கால் நனைய நடந்துகூடப் போனார். சமைத்ததைச் சாப்பிட்டார். இரவில் அவள் பக்கம் திரும்பிப் படுத்து, ஞானசுந்தரத்தைப் பற்றி இன்னும் சிலதைச் சொன்னார். தனக்கு இருக்கும் பயத்தைப் பற்றியும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வார்த்தை வராதபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நாள் புஷ்பமலர் அவரை ஏற்ற நிலையத்துக்குப் போனபோது, கிறிஸ்தோப்பர் தாதியின் மேசைக்கு முன்னால் நின்று, வருகிற வருடமும் இதே போல இடம் கிடைக்குமா என்று டொச்சு மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார். கோடை மாதங்கள் கெதியில் நிரம்பிவிடும், இப்போதே பதிவது நல்லது என்றாள் தாதி. அவர் யூன் என்றார்.

“யூனிலை எனக்கு லீவு இல்லை,” என்றாள் புஷ்பமலர். “இந்த முறையே கெஞ்சி எடுத்தது. யூலை சொல்லுங்கோ.”

“யூலையிலை சனம் கூட. றோட்டும் நிறைஞ்சிருக்கும்.”

“இழுக்கிறது நான்தானே.”

தாதி அவர்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.