யார் பார்த்த நகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயை நீட்டியபோதுதான் என் கணவரின் நகங்களைக் கவனித்தேன். அழகாக இருந்தன. அதுதான் பிரச்சினை.

அவர் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து கண்ணாடித் தொட்டிகளுக்குள் கையை விட்டுப் பாசி தேய்ப்பார், துடைப்பார், மறுபடி விடுவார். நகம் தண்ணீரில் ஊறி, காற்றில் காய்ந்து, திரும்ப ஊறினால் என்ன ஆகும்? நுனியில் ஏடு ஏடாகப் பிரியும். கல்யாணமான நாளிலிருந்து அவர் நகம் அப்படித்தான். போர்வையில் மாட்டும், என் புடவையில் மாட்டும். இரவில் அவர் புரண்டு படுத்தால் தலையணை உறையில் சரக் சரக்கென்று சத்தம் கேட்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் தொழிலே அதுதான். பார்லரில் நகப் பிரிவு என்னுடையது. காய்ந்து உரிகிற நகத்துக்கு வெதுவெதுப்பான எண்ணெய் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கிண்ணத்து எண்ணெயை வெந்நீரில் இறக்கிச் சூடாக்கி, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வந்தவர் விரல்களை அதில் ஊறவைப்பேன். பிறகு ஒவ்வொரு விரலாக நகத்தின் அடியிலிருந்து நுனிக்குத் தேய்த்துவிட்டு, உரிந்த இடத்தை மெல்லிய அரத்தால் ஒரே பக்கமாக ராவுவேன். முன்னும் பின்னும் ராவினால் இன்னும் பிரிந்துவிடும். ஊரில் உள்ள காய்ந்த நகமெல்லாம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இவர் நகம் மட்டும் வரவில்லை.

எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம்? மீனுங்க பாத்தா சிரிக்கும்" என்று கையை இழுத்துக்கொள்வார்.

இப்போது அதே கை டீயை வாங்குகிறது. நுனியில் ஒரு பிசிறு இல்லை. ஒரே பக்கமாக ராவிய நகம், ஓரங்கள் லேசாக உருட்டப்பட்டிருக்கின்றன. அடித்தோல்கூட வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நகவெட்டியால் வெட்டிக்கொண்டால் இப்படி வராது. யாரோ ஒருத்தி மடியில் துண்டை விரித்து, இந்தக் கையை அதன்மேல் வைத்து, விரல் விரலாகப் பிடித்து, நிதானமாகச் செய்த வேலை இது. அதுவும் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. பல வாரமாக நடந்திருக்கிறது.

"என்ன அப்படிப் பாக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. குடிங்க, ஆறிடும்."

எதிரில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "அண்ணி, டீல சர்க்கரை போட்டீங்களா, இல்ல பார்வையிலயே கலக்கி விட்டுட்டீங்களா?"

அவருடைய தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டுச் சில மாதங்களாக எங்களோடு இருக்கிறாள். வந்த புதிதில் ஒருநாள், "அண்ணி, உங்க வேலையை எனக்கும் காட்டுங்களேன்" என்று கேட்டாள். பால் பொங்குகிறவரை அடுப்புப் பக்கத்தில் நிற்கப் பொறுமை இல்லாதவள். "நகத்தை ராவுறது வாயால பண்ற வேலை இல்லடி" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. துணி மடிக்கும்போதும் அந்த நகம்தான். யார் பார்த்த நகம் அது? எனக்கு நீட்டாத கையை அவர் யாருக்கு நீட்டினார்?

மறுநாள் பார்லருக்குப் போனதும் என் கண் முதலில் போனது பளபளாவின் மேஜைக்கு. எங்கள் பார்லரில் எண்ணெய் வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். நகம், செருப்பு, பை, போன் உறை எல்லாம் மினுங்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். என்னைவிட இளையவள். என்னைவிட உயரம். போதாததற்கு அவள் மேஜையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு தங்கமீன்கள்.

"எங்க வாங்கினே?" என்றேன், ஏதோ காய்கறி விலை கேட்கிற மாதிரி.

"உங்க மீன்காரர் கடையிலதான்க்கா. எவ்வளவு நல்ல மனுஷன்! தண்ணி எப்படி மாத்தணும், தீனி எவ்வளவு போடணும்னு கையைப் பிடிக்காத குறையா சொல்லிக் குடுத்தாரு."

கையைப் பிடிக்காத குறையா! என் மேஜையில் அப்போது ஒரு டீச்சரம்மா விரல்களை எண்ணெயில் விட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அம்மாடி," என்றார் டீச்சரம்மா, "நகம்தான் உரியுதுன்னு வந்தேன். எலும்பையும் உரிச்சிடாதே."

அன்று மதியம், பளபளா சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கி மூடினேன். கிராம்பு வாசனை ஒரு நாள் முழுக்கப் போகாது, சோப்பு போட்டாலும் நிற்கும். சாயங்காலம் இவர் கையில் அது அடிக்கட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி.

உடனே பலன் தெரிந்தது, ஆனால் வேறு இடத்தில். பளபளாவின் மேஜைக்கு வந்த ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா இது, பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு?" பளபளா புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தங்கமீனைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் போய் நின்றேன். வலது கையைப் பிடித்து என் முகத்தோடு சேர்த்துக்கொண்டேன். அவர் திகைத்துப் போனார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன இன்னிக்கு? திடீர்னு பாசம் பொங்குது?"

நான் மூச்சை இழுத்தேன். தொட்டித் தண்ணீர், மீன் தீனி, கடைசியில் போட்ட சோப்பு. கிராம்பு இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒன்று, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பாதாம் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போட்டு ஊறவைத்த வாசனை.

கையை விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். அந்தக் கலவை பார்லரில் கிடையாது. நான் எனக்கென்று செய்து, பழைய தேன் பாட்டிலில் ஊற்றி மேல் தட்டில் வைத்திருப்பது. பாட்டிலை இறக்கினேன். கழுத்துவரை இருந்த எண்ணெய் பாதிக்குக் கீழே போயிருந்தது.

அப்படியே நின்றேன். நான் கலந்த எண்ணெயை எடுத்து, நான் கட்டிக்கொண்ட மனுஷனுக்கு, என் வீட்டுக்குள்ளேயே வந்து ஒருத்தி தடவிவிட்டுப் போகிறாள்! பளபளாதான் வருகிறாளா, வேறு எவளாவதா? வெளியில் எங்கோ நடந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

வாயாடி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

"மத்தியானத்துல வீட்டுக்கு யாராவது வர்றாங்களா?" என்றேன்.

அவள் கையிலிருந்த டம்ளர் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து உருண்டது. "யாரு? யாரும் வரலையே. அண்ணன் சாப்பிட வரும், சாப்பிடும், போகும். ஏன் அண்ணி?"

வாயாடி இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சரிதான், இவளும் உடந்தை. அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் எனக்குக் கண்ணைக் கட்டுகிறார்கள் என்று தீர்மானித்தேன். இரவு சாப்பாட்டில் அவர் தட்டில் பொரியலை வைத்த விதத்தில் கரண்டியே வளைந்திருக்கும். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். "எல்லாமே தூக்கலாத்தான் இருக்கு" என்றேன்.

அடுத்த நாள் பார்லரில் பளபளா மதியம் லீவு சொன்னாள். சொல்லும்போதே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரு மாதிரி முகத்தைத் திருப்பினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் படி இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நான் முதலாளியம்மாவிடம் தலைவலி என்றேன்.

"இன்னிக்கு எல்லாருக்கும் என்ன வந்துச்சு?" என்றார் அவர். "போயிட்டு வா. முகமே சரியில்ல உனக்கு."

வீட்டு வாசலில் மினுங்குகிற செருப்பு எதுவும் இல்லை. கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பாள், கெட்டிக்காரி. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அவர் குரல், "ஸ்ஸ், சுடுது!" என்றது. ஒரு பெண் சிரித்தாள். நான் கதவைத் தள்ளினேன்.

சாப்பாட்டு மேஜையில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள் என் கணவரின் வலது கை விரல்கள். எதிரில், மடியில் என் பூப்போட்ட துண்டை விரித்துக்கொண்டு, நான் தேய்ந்துபோனதென்று ஒதுக்கிவைத்த அரத்தைக் கையில் பிடித்தபடி, வாயாடி.

அவர் வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எண்ணெய் சட்டையெல்லாம் வழிந்தது.

"அண்ணா, கையைக் குடு! பாதியில எடுக்காதே" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணி, திட்டறதுன்னா முடிச்சதும் திட்டுங்க. எண்ணெய் ஆறிடும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு ஒருத்தி இல்லை. இவள்தான். மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. எரிச்சல் அப்படியே பக்கம் மாறிப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"உங்க பார்லருக்கு இன்னொரு ஆள் வேணுமாமே" என்றாள் வாயாடி. "முதலாளியம்மாவைக் கேட்டேன். செஞ்சு காட்டினா பாக்கலாம்னாங்க. பழக ஒரு கை வேணும்ல? இதைவிட மோசமான நகம் எங்க கிடைக்கும்? இதையே சரி பண்ணிட்டா அப்புறம் எதையும் பண்ணலாம். உங்ககிட்ட சொன்னா முதல் நாளே வேண்டாம்பீங்க."

"எண்ணெய்?"

"அது உங்களோடதுதான். அதைவிட நல்லது கடையில இல்லை."

அவர் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். ராவல் சீராக இருந்தது. எப்போதும் முதலில் பிரிகிற கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக்கூட விடாமல் அடக்கியிருந்தாள். நான் அவசரத்தில் அந்த ஓரத்தைச் சில நாள் விட்டுவிடுவது உண்டு. பொறுமை இல்லாதவள் என்று நான் சொன்ன பெண் அங்கே ஒரு பிசிறு விட்டுவைக்கவில்லை. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் நான் கேட்க வேண்டியது அவளிடம் இல்லை.

"நான் எத்தனை தடவை கேட்டேன்" என்றேன் அவரிடம். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உடைந்தது. "எனக்கு நீட்டல. தங்கச்சி கேட்டதும் பத்து விரலையும் விரிச்சிட்டீங்க. நான் என்ன ஆகாதவளா?"

அவர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைக்கப் போய், என் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ வீட்டுக்கு வந்ததும் என்ன பண்றே தெரியுமா?" என்றார். "ரெண்டு கையையும் தலகாணிக்கு அடியில சொருகிட்டுப் படுத்துக்கறே. வலிக்குதான்னு கேட்டா இல்லம்பே. நாள் முழுக்க ஊர்க்காரங்க கையைப் பிடிச்சிட்டு வர்றவகிட்ட, இந்தா என் கையையும் பிடின்னு நீட்டச் சொல்றியா? நானும் ஒரு கஸ்டமரா வரிசையில நிக்கணுமா?"

"வரிசையில நிக்கச் சொன்னது யாரு? நீங்க நேரா வந்திருக்கலாம்ல!"

"அண்ணா, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு" என்றாள் வாயாடி.

"நீ சும்மா இருடி" என்றோம் இருவரும்.

எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது இன்னதென்று தெரியவில்லை. என் கை வலி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் தலையணைக்கு அடியில் போகிற கையைத் தினமும் பார்த்துக்கொண்டு, தன் கையை மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

என் கைப்பையிலிருந்து பஞ்சையும் பூச்சு அழிக்கிற ரிமூவரையும் எடுத்து, என் நகப்பூச்சைத் துடைத்தேன். அடர்ந்த மெரூன் நிறம். அதற்கு அடியில் என்ன இருக்கிறதென்று நான் யாருக்கும் காட்டியதில்லை. நாள் முழுக்க ரிமூவரில் நனைகிற விரல்கள். நுனியெல்லாம் வெள்ளையாக, வெங்காயத் தோல் மாதிரி பிரிந்திருந்தது.

வாயாடி குனிந்து பார்த்தாள். "ஐயோ அண்ணி! அண்ணனோடதைவிட மோசம்!"

"பழகணும்னு சொன்னியே, இதுல பழகு. அந்த மேல் ஓரத்தைப் பிச்சு எடுக்காதே, ராவித்தான் எடுக்கணும்." துண்டை அவள் மடியில் சரியாக விரித்துவிட்டு என் வலது கையை அதில் வைத்தேன். "இனிமே உங்க அண்ணன் கையைத் தொட்டே, முதலாளியம்மாகிட்ட நானே போய் வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"இன்னிக்கு இடது கையைத் தொடவே இல்லையே, அண்ணி. வலதுலயே பாதிதான் ஆயிருக்கு."

"அது இருக்கட்டும். நீ உன் வேலையைப் பாரு."

அவர் தயங்கி நின்றார். என் இடது கை சும்மாதான் இருந்தது. பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினேன். உட்கார்ந்தார். ஆறிப்போன கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அவர் இடது கையைப் பிடித்தேன். அவரே நீட்டினார். ஒரு கையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு மறு கையால் ஒருவருக்கு நகம் பார்ப்பது சுலபமில்லை. எண்ணெய் மேஜை முழுக்கச் சிந்தியது. நான் கவலைப்படவில்லை.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றேன். "ஆனா விடமாட்டேன்."

மறுநாள் பளபளா ஒரு கன்னம் வீங்கி வந்தாள். நேற்று பல் பிடுங்கினார்களாம். நான் அவளுக்குப் புதிதாக ஒரு புட்டி எண்ணெய் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. "உங்க மீன்காரர் கடையில இன்னும் ரெண்டு மீன் வாங்கணும்க்கா" என்றாள். "என்ன நிறம்னு சொல்லு, நானே கொண்டு வர்றேன்" என்றேன்.

சாயங்காலம் அவரிடம் வாயாடி பார்த்த வலது கையையும் நான் பார்த்த இடது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, "எந்தக் கை நல்லா இருக்கு?" என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் வாயாடியும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் இடது கையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு, வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.