ஒன்பது புள்ளி எட்டு

செய்முறைத் தேர்வு என்றால் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. மேசைக்கு மேசை போவேன், ஜன்னலைத் திறப்பேன், திறந்ததை மூடுவேன். "மிஸ், கொஞ்சம் உட்காருங்க, எங்களுக்கே படபடன்னு வருது" என்று முன்வரிசையில் ஒருத்தி சொல்லியேவிட்டாள். எங்கே உட்காருவது? அன்று தேர்வு எழுதியவர்களில் ஒருத்தி என் அக்கா மகள்.

அக்காவுக்கு வேலை வெளியூரில். பெண் என் வீட்டில்தான் வளர்கிறாள். வீட்டில் நான் சித்தி, பள்ளிக்கூடத்தில் மிஸ். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தோம். செய்முறையில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வில் எத்தனை வாங்கினாலும் ஃபெயில்தான், ஒரு வருஷம் போச்சு. மதிப்பெண் போடுவது நானல்ல, வேறு பள்ளியிலிருந்து வரும் ஆசிரியர். எக்ஸ்டர்னல் என்போம். அன்று வந்தவரைப் பற்றி ஒரே பேச்சு: முதலில் விடையைப் பார்ப்பார், அது தப்பென்றால் மேற்கொண்டு ஒரு வரி படிக்கமாட்டார்.

சோதனை, ஊசல். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட விட்டு, இருபது முறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து, பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும். புத்தகத்திலேயே இருப்பதை எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அது வக்கீல் கேட்கிற கேள்வி.

பாதி நேரத்திலேயே எல்லோரும் முடித்துவிட்டார்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்பது புள்ளி எட்டு. ஒன்பது புள்ளி எட்டு. அடுத்ததும் அதே. வக்கீல் பேப்பரில் பத்து புள்ளி எட்டு!

"என்னடி இது?"

"அதான் வந்துச்சு மிஸ்."

"நூலை ஒழுங்கா அளந்தியா?"

"திரும்பத் திரும்ப அளந்துட்டேன்."

"அப்போ வாட்ச்லதான் கோளாறு. நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு, விடை தானா இறங்கிடும். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"நான் பார்க்காத நேரத்தை எப்படி எழுதறது?"

"வாதாடற நேரமாடி இது? ஒரு வருஷம் போயிடும். உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"வந்ததை எழுதினான்னு சொல்லுங்க."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அதற்குள் எக்ஸ்டர்னல் எழுந்து வந்துவிட்டார். பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கும்மா. சரி பண்ணிக்கோ. நான் எதையும் பார்க்கலை" என்று பெரிய மனசு பண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். வக்கீல் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "நகரு. நான் செஞ்சு காட்டறேன். ஒன்பது புள்ளி எட்டு வரலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

குண்டை இழுத்துப் பிடித்து, "ஒண்ணு" என்று சொல்லிக் கையை விட்டேன். இருபதில் வாட்சை அமுக்கினேன். கணக்குப் போட்டால் பத்து புள்ளி எட்டு. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி செய்தேன். அதேதான். வேர்த்துக் கொட்டியது.

மறுபடியும் குண்டைப் பிடித்தேன். "ஒண்ணு" என்று என் வாய் சொன்னபோது குண்டு இன்னும் என் விரலில்தான் இருந்தது. அட, அது போய்த் திரும்பினால்தானே ஒன்று! புறப்படும்போதே ஒன்று என்றால், நான் இருபது என்று வாட்சை நிறுத்தும்போது அது ஆடியிருப்பது பத்தொன்பது.

தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷம் இப்படித்தான் கைதட்டி, கோரஸாக, எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். விடை எகிறும்போதெல்லாம் நூலைத் திட்டினேன், ஃபேனைத் திட்டினேன், புது வாட்ச் வாங்கச் சொல்லித் தலைமையாசிரியரோடு சண்டை போட்டேன். என் வாயை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் ஃபெயில். திறந்தால் மற்றவர்கள் மாட்டுவார்கள். மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். பிறகு போய்ச் சொல்லிவிட்டேன்.

"சார், தப்பு அவ மேல இல்லை. எண்ணுறதைத் தப்பா சொல்லிக்குடுத்தது நான்." எப்படி என்று காட்டினேன்.

அவர் தானும் ஒரு தடவை குண்டை ஆட விட்டு, உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வியைக் கேட்டார்.

"அப்போ எல்லாருக்கும் பத்து புள்ளி எட்டுதானே வரணும்? மத்தவங்களுக்கு மட்டும் எப்படி ஒன்பது புள்ளி எட்டு?"

முன்வரிசைக்காரி பேப்பர் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அதுவும் நான் சொல்லிக்குடுத்ததுதான் சார்." வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் எழுதினதை அடிச்சுட்டு மறுபடி செய்யுங்க. விடும்போது ஜீரோ. போயிட்டு வந்தா ஒண்ணு. வர்றதை எழுதினா போதும்."

அப்புறம் ஒரே அமளி. ஒருத்திக்கு ஒன்பது புள்ளி ஆறு, ஒருத்திக்குப் பத்து புள்ளி ஒன்று. "மிஸ், எனக்கு ஒன்பது புள்ளி அஞ்சுதான் வருது, பரவாயில்லையா?" என்று முன்வரிசைக்காரி ஓடி வந்தாள். "வந்ததை எழுதுடி!" என்று கத்தினேன். இந்த லேபில் ஆளுக்கொரு விடை வந்து நான் பார்த்ததே இல்லை.

வக்கீல் மட்டும் பேப்பரைக் கொடுக்காமல் நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எக்ஸ்டர்னலே போய் வாங்கிப் பார்த்தார். ஒன்பது புள்ளி எட்டு.

"எல்லாருக்கும் ஒவ்வொண்ணு வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படிம்மா அச்சடிச்ச மாதிரி?"

"நெஜமாவே வந்துச்சு சார்" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மிஸ். மாத்தியிருப்பாளா?"

சட்டென்று பதில் வரவில்லை. பயந்துபோய்க் கடைசியில் மாற்றித்தான் எழுதிவிட்டாளோ? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே சந்தேகம் வந்தது.

"சித்தி!" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"மாத்தியிருக்க மாட்டா சார். மாத்தச் சொல்லி நானே கெஞ்சினேன். அப்பவே மாத்தலை."

அவர் பேனாவைத் திறந்து முழு மதிப்பெண் போட்டார். வக்கீல் மதிப்பெண் பக்கம் திரும்பவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் சொல்லுமுன் நான் தயங்கிய அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.