நாலாவது சைக்கிள்

அஞ்சுகத்தின் மகன் செல்லையனுக்குப் பதினாலு வயசு. வாடகை சைக்கிளைத் திருடிப் பிடிபடுவது இது மூன்றாவது தடவை. காரைக்கால் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சின் இந்தக் கோடியில் அஞ்சுகம். அந்தக் கோடியில் புருஷன் பூமிநாதன், கோட்டுச்சேரியில் தன் தங்கை வீட்டோடு போய் உட்கார்ந்துகொண்ட மகராசன். குழம்பில் உப்பு கூடினதுக்குக் கிளம்பிய சண்டை, ரெண்டு வருஷமாகியும் ரெண்டு பேருக்கும் வீறாப்பு இறங்கவில்லை.

"அடுத்த தடவை கோர்ட்டுதாம்மா," என்றார் ஏட்டு மருதையன், சிவப்புத் தொப்பியைக் கழற்றியபடி. "சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிடுவாங்க."

அஞ்சுகத்துக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் யாருக்கு உலை வைப்பது?

"ஆனா இவனைப் பிடிக்க நாங்க ஓடவே வேணாம்," ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருடின வண்டியில ஸ்டேஷன் வாசலுக்கே வந்து மணியடிக்கிறான்!"

"வளர்த்த லட்சணம்," என்றார் பூமிநாதன், சுவரைப் பார்த்து.

"விட்டுட்டுப் போன லட்சணம்னு சொல்லுங்க ஏட்டய்யா."

"நீதானடி போகச் சொன்னே!"

"சொன்னா போயிடறதா?"

கேட்ட பிறகுதான் அஞ்சுகத்துக்கு உறைத்தது. ரெண்டு வருஷமாக அவரிடம் நேருக்கு நேர் பேசியதெல்லாம் இந்தப் பெஞ்சில்தான். மகனைப் பார்த்தாள். பயல் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. அடப் பாவி, இதுக்குத்தானா!

"வெளியில நில்லுடா," என்று அவனை விரட்டிவிட்டு, பூமிநாதன் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

ஒரு வழியாக வெளியே வந்தால், பையனையும் காணோம், பூமிநாதனின் சைக்கிளையும் காணோம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எவன் திருடப்போகிறான் என்று பூட்டாமல் விட்டிருந்தார் மனுஷர்.

"ஏட்டய்யா!" என்று அவர் வாயைத் திறக்க, அஞ்சுகம் சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னீங்கன்னா புள்ளை போயிடுவான். பேசாம வாங்க."

வீட்டு வாசலில் சைக்கிள் பூட்டி நின்றது. பக்கத்தில் செல்லையன், சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு.

"சாவியைக் குடுடா!"

அவன் நீட்டினான். அதற்குள் அஞ்சுகம் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாப்பிட்டுட்டுக் கேளுங்க."

"நீயுமாடி?"

"ஆமா. போய் ஏட்டய்யாகிட்ட என்னையும் சேர்த்துச் சொல்லுங்க."

பூமிநாதன் சைக்கிளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"உப்பைப் பார்த்துப் போடு."

"கூடத்தான் போடுவேன்," என்று சொல்லிவிட்டு அஞ்சுகம் உள்ளே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள்.