லிஃப்டும் சேர்ந்து பாடிய ஒத்திகை

என் மச்சான் பேருந்து ஓட்டுநர். ஓய்வு பெறும் நாளில் டிப்போ அரங்கில் ஒரு பாட்டாவது பாடியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்கு ஒரே கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் சிரிப்பதாகவே முடிவு செய்திருந்தேன்.

மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் தங்கையின் பொறுப்பு. ஆள் மெலிவு என்பதால் வீட்டில் அவள் பெயர் கம்பி. ஒத்திகைக்கு மச்சான் தன் கீபோர்டு ஒயர்கள் நாலைந்தை ஒட்டுப்போட்டு, மேடையிலிருந்து அரங்கின் கடைசியில் இருந்த, ஒலியைக் கலக்கும் மிக்சர்வரை இழுத்துவிட்டார். அந்த ஒயருக்குள் ஒரே கம்பி, சுற்றிலும் ஒரு உலோக வலை. ஒரு பாட்டைக் கொண்டுபோக இது போதாதா என்பது அவர் வாதம்.

ஒயர் லிஃப்ட் ஓரமாகப் போயிற்று. அவர் வாயைத் திறந்ததும் ஸ்பீக்கரும் ‘ம்ம்ம்’ என்று தொடங்கியது. லிஃப்ட் ஏறினால் சுருதியும் ஏறியது. சரணத்தின் நடுவே பக்கத்து டாக்சி அலுவலகத்துப் பெண், எங்கள் ஸ்பீக்கருக்குள்ளிருந்தே பின்கேட்டுக்கு வண்டி அனுப்பச் சொன்னாள். நம்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை: கீழ்மாடியில் யாரோ அவித்த முட்டையின் வாசனைகூட ஸ்பீக்கரில் லேசாக வந்தது.

கம்பி வேறு ஒயரை எடுத்து வந்தாள். முனையில் மூன்று ஊசி. வலைக்குள் இரண்டு கம்பி.

“ஒரு பாட்டுக்கு எதுக்கு ரெண்டு?” என்றார் மச்சான்.

“ரெண்டுலயும் உன் பாட்டுதான் போகுது அண்ணே. ஒண்ணுல நேரா, இன்னொண்ணுல தலைகீழா. வழியில ஒட்டுற இரைச்சல் மட்டும் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டும். அந்தப் பக்கம் போனதும் தலைகீழா வந்ததை நிமித்திச் சேர்த்தா, பாட்டு ரெண்டு மடங்காகும். நிமித்தும்போது அதுல ஒட்டின இரைச்சல் தலைகீழாயிடும், அதனால ரெண்டு இரைச்சலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்.”

“நம்ம ரெண்டு பேர் மாதிரியா?”

“அது அடிச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாமப் போயிடும். நாம எங்க போனோம்?”

முழ நீள ஒயருக்கு ஒற்றைக் கம்பியே தாராளம், இவ்வளவு தூரத்துக்குத்தான் ஆகாது என்று சொல்லிக்கொண்டே மாட்டினாள். இரைச்சல் துடைத்தாற்போல் போயிற்று. அந்த அமைதிக்குக் கூச்சப்பட்டுச் சுவர்க்கடிகாரமே சற்று நின்று ஓடியது. மச்சான் பாடினார். லிஃப்டுடையது என்று நாங்கள் நினைத்திருந்த அபசுரத்தில் பாதி அவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவருக்கும் தெரிந்துவிட்டது. “பழைய ஒயரையே மாட்டிடு” என்றார் மெதுவாக.

“மாட்டலாம். அப்புறம் லிஃப்டுக்குத்தான் கை தட்டுவாங்க.”



விழாவன்று கம்பி இரட்டைக் கம்பி ஒயரைத்தான் போட்டாள், மச்சானும் தடுக்கவில்லை. பல்லவி தப்பித்தது. உச்ச இடத்தில் குரல் உடைந்தது. பாட்டை நிறுத்திவிட்டார். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

மச்சான் மைக்கில் சொன்னார்: “இந்த மேடு நம்ம வண்டி ஏறாது. கியரை இறக்கிக்கிறேன்.”

அரங்கமே சிரித்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். நான் இரண்டாவதாகத்தான் வர முடிந்தது. தாழ்ந்த சுருதியில் முழுப்பாட்டையும் பாடி முடித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் இன்னொன்று ஆரம்பித்தார். பிறகு இன்னொன்று. வழியனுப்பத்தான் கூடியிருந்தோம், ஆள் மேடையை விட்டு இறங்கினால்தானே.