மிஷினுக்கு ஆயில் சேஞ்ச்

1

இந்தக் கதை ஒரு கடையில் கிடைத்தது என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. சலவைச் சாமான் அடுக்கியிருக்கும் வரிசையில் ஒரு மனிதர் ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார், நான் பார்த்தேன், கதை பிறந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பெண் ஒருத்தி இன்று மத்தியானம் போனில் சொன்னாள்.

இப்போது மணி மூன்று பத்து. ஆறு மணிக்குள் இதை முடித்தாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டேன், தாகமே இல்லை.

2

முதல் தொடக்கம்:

கிரீஸ் படிந்த கைகளோடு வாழ்க்கையின் கறைகளை—

வேண்டாம். முதல் வரியிலேயே வாழ்க்கை வந்துவிட்டால் அந்தக் கதை தேறாது.

இரண்டாம் தொடக்கம்:

மெக்கானிக் துணி சோப்பு வாங்கப் போனார்.

இது நிற்கும். விஷயம் இதுதான். மெக்கானிக்குக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை, ஒன்றரை வருஷமாகத் தனித்தனி வீடு. மகள் அம்மாவிடம் இருக்கிறாள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் பட்டாணி என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை காலை அப்பா வீட்டுக்குப் போய், ராத்தங்கி, ஞாயிறு ஆறு மணிக்குத் திரும்புவாள். போன முறை போய்வந்த அந்த வாரத்தில் அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்துவிட்டது. துணியில் தங்குகிற சோப்பும் வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அம்மாக்காரி உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"உங்க கிரீஸ் துணி போடுற மிஷின்லதானே அவ போர்வையையும் போடுறீங்க? இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா ராத்தங்கல் கிடையாது. பகல்ல வந்து பாத்துட்டுப் போங்க."

"சரி," என்றார் மெக்கானிக்.

(இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பொறுமையா? அவரைக் கத்தவைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், அவர் வாயில் ஒட்டவில்லை. அவர் சண்டை போடாததுதான் அந்தக் கல்யாணத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம்.)

3

கடையில் அவர் திருதிருவென்று விழித்தார். தூள், லிக்விட், கட்டி சோப்பு, மாத்திரை மாதிரி உருண்டை, கறைக்குத் தனி, கம்பளிக்குத் தனி. அவருக்கு எஞ்சின் ஆயில் டப்பாதான் பழக்கம். எந்த வண்டிக்கு எது என்று நம்பர் போட்டிருக்கும். இங்கே எல்லா டப்பாவிலும் பூ, போதாக்குறைக்கு ஓர் அருவி. திறந்து திறந்து முகர்ந்ததில் தும்மல்தான் வந்தது.

"அக்கா, இதுல எது நல்லது?"

"எதுக்கு நல்லதுன்னு கேளு தம்பி," என்றார் கடைக்காரம்மா. "சேத்துக்குத் தூள். எண்ணெய்ப் பிசுக்குக்கு லிக்விட்."

"தோலுக்கு."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தோலுக்கா?"

"பொண்ணு தோலுக்குக்கா. ஒத்துக்கலைன்னா என்கிட்ட தங்க விடமாட்டாங்க."

அதற்கப்புறம் கேலி இல்லை. கீழ்த்தட்டிலிருந்து ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தார். பூ இல்லை, அருவி இல்லை.

"வாசம் போடாதது. யாரும் வாங்குறதில்லை, வாசம் இல்லன்னா துவைச்ச மாதிரியே இல்லைங்கிறாங்க. ஒரு மூடிதான் ஊத்தணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் தம்பி."

4

அதுவரை மெக்கானிக் தூளைக் கையால் அள்ளிப் போடுகிறவர். கிரீஸுக்கு ஒரு பிடி, கிரீஸ் மேலிருக்கும் கோபத்துக்கு இன்னொரு பிடி.

ஆனால் புது பாட்டிலை அவர் உடனே திறக்கவில்லை. பழைய ஆயிலை வடிக்காமல் அதன் மேலேயே புதுசை ஊற்றுவது அவர் தொழிலில் பாவம். துணி எதுவும் போடாமல், வெந்நீரில், மிஷினை வெறுமனே ஓடவிட்டார். கண்ணாடிக் கதவுக்குள் நுரை பொங்கியது. சோப்பே போடவில்லை, இவ்வளவு நுரை எங்கே ஒளிந்திருந்தது? மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறைதான் தண்ணீர் தெளிந்தது. சோப்பு ஊற்றுகிற பெட்டியை வெளியே இழுத்து, இண்டு இடுக்கெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். தன் வேலைத் துணிகளை வாளியில் போட்டு, கட்டி சோப்பால் கையிலேயே கசக்கினார். அதற்குப் பிறகுதான் பட்டாணியின் போர்வைக்கு அளந்து ஒரு மூடி.

"அம்மா, அப்பா மிஷினுக்கு ஆயில் சேஞ்ச் பண்ணிட்டாரு!"

பட்டாணி எனக்குச் சொன்னது இதுவும் அந்த வெள்ளை பாட்டிலும்தான். மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன். பதினொரு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

5

ஆமாம். போன் போட்டு மிரட்டினவள் நான்தான்.

கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எத்தனை சோப்பு மாற்றினாலும் கழுத்து மறுபடி தடிக்கும் என்று முடிவை முன்னாலேயே எழுதிவைத்திருந்தேன். ஆனால் அந்த நுரையை எழுதும்போது கை நின்றுவிட்டது. எழுந்துபோய் என் மிஷினில்—

அடித்துவிட்டேன். திரும்ப எழுதுகிறேன்.

எழுந்துபோய் என் மிஷினின் சோப்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். மூலையில் நீலமாகக் கோந்து மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தலைவலிக்கிற பூ வாசனை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கிய லிக்விட் அது. பட்டாணி அப்பா வீட்டிலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை அதை முதல் தடவையாகத் திறந்து, அவள் பள்ளிச் சட்டையெல்லாம் துவைத்தேன். கழுத்து சிவந்தது புதன்கிழமை.

"சமீபத்துல சோப்பு ஏதாவது மாத்துனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் மாத்தலை டாக்டர். அவங்க அப்பா வீட்டுல என்னன்னு தெரியலை," என்றேன்.

அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டேன். அன்று சாயங்காலமே நீல பாட்டில்கள் இரண்டையும் மேல் அலமாரியில் பின்னால் தள்ளிவிட்டு, பழைய தூளுக்கே திரும்பினேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குக் கொஞ்சம் தெரியத்தான் செய்தது.

6

முடிவு ஒன்று: கழுத்து சுத்தமாக இருக்கிறது. "பரவாயில்லையே" என்று சொல்லி மகளை உள்ளே கூட்டிக்கொள்கிறேன். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, அவர் ஆயுசுக்கும் மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

முடிவு இரண்டு: கழுத்து தடித்திருக்கிறது. நான் சொன்னது சரியாகிவிடுகிறது.

(ஒரு நிமிஷம் அதற்கு ஆசைப்பட்டேன். பெற்ற பெண்ணின் கழுத்து தடிக்க வேண்டும் என்று. வெட்கமாக இருக்கிறது. இதை மட்டும் அடிக்கப்போவதில்லை.)

முடிவு மூன்று:

மணி ஐந்து ஐம்பது. சோப்புப் பெட்டியைக் குழாயடியில் பிடித்துத் தேய்க்கிறேன், நடுவில் வந்து ஒரு வரி எழுதுகிறேன். தாள் நனைகிறது. வாசல் மணி அடிக்கிறது. எப்போதும் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுவார்.

கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இன்னும் திறக்கவில்லை. பட்டாணி முதுகைக் காட்டி நிற்கிறாள். அவர் ஒரு கையால் அவள் முடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையால் காலரைக் கீழே இழுத்திருக்கிறார். நான் திறந்ததும் கழுத்தைக் காட்டத் தயாராக. யாரும் கேட்கவில்லை. கழுத்தில் ஒன்றுமே இல்லை.



நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் படித்துவிட்டதால் உங்களுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. சோப்புப் பெட்டி சொட்டிக்கொண்டிருக்கிறது, மூலையில் நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இதை மிஷினுக்குள் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறக்கலாம். கையோடு எடுத்துக்கொண்டும் போகலாம்.

மறுபடி மணி. "அம்மா, கதவத் தொற! அப்பாவுக்குக் கை வலிக்குதாம்!"

மூன்றாவது முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை காலியாக இல்லை.