மேட்டில் இருந்த முட்டைகள்

குளக்கரை மேட்டில் ஒரு கம்பிக் கூண்டுகூட இல்லை. கூண்டுகள் இருந்த மண்ணே இல்லை. மணல் கலந்து பொலபொலவென்று கிடந்த சரிவில் சரளைக் கல்லைக் கொட்டி, ரோலர் ஓட்டி, பலகைபோல் இறுக்கிவிட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு பந்தல். பந்தலுக்கடியில் வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகள். ஆமைக்காரி சரளையைக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

அவள் விலங்கியல் படித்தவள். இந்த வீட்டுமனைத் திட்டத்தில் ஆமைகளைக் காப்பதற்கென்றே சம்பளத்துக்கு வைக்கப்பட்டவள். முகத்துக்கு நேரே எல்லாரும் மேடம் என்பார்கள், திரும்பினால் ஆமைக்காரி. அந்தக் குளத்தில் இருந்த ஆமை இனம் வேறெங்கும் அருகிப் போய்க்கொண்டிருந்தது. வீடு கட்ட அனுமதி கொடுத்த அலுவலகம் அதற்காக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மேட்டில் ஆமை முட்டையிட்ட கூடு இருக்கும்வரை அங்கே மண்வெட்டி படக்கூடாது. இந்தப் பருவத்தில் குஞ்சு பொரித்துக் குளத்தில் இறங்கிவிட்டால் மேடு என்றென்றைக்கும் வெறும் மேடாகவே விடப்படும். இறங்காவிட்டால் அங்கே குளத்தைப் பார்த்தபடி ஒரு வரிசை வீடுகள் எழும்பும்.

அதனால் கூடு கண்ட இடத்திலெல்லாம் நாய், கீரி தோண்டாதபடி அவள் கம்பிக் கூண்டு கவிழ்த்து வைத்திருந்தாள். காலையில் வந்ததும் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள். நிறுவனத்தின் இன்னொரு சைட்டில் பழைய கட்டடத்தை இடிக்கப் போக, உள்ளே வௌவால்கள் இருப்பது தெரிந்து, "மிருகம்னா நம்ம மேடத்தைக் கூப்பிடு" என்று அவளை அங்கே அனுப்பினார்கள். போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் இது.

அவள் அத்தானுக்குப் போன் போட்டாள். அக்காவின் கணவர்தான் இந்தத் திட்டத்தின் விற்பனை மேலாளர். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"அத்தான், மேட்டுல கூண்டெல்லாம் எங்க?"

"வந்துட்டியா! அங்க நின்னு கத்தாத. மாதிரி வீட்டுக்கு வா. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன்."

"முட்டை என்ன ஆச்சு அத்தான்?"

"அதான் சர்ப்ரைஸ்."

மாதிரி வீட்டை அன்றுதான் திறக்கிறார்கள். வாசலில் பலூன் வளைவு. உள்ளே காலை வைத்ததும் எலுமிச்சை வாசனை முகத்தில் அறைந்தது. வீடு துடைக்கும் அம்மாள் ஒரு கையில் வாசனை டப்பாவும் இன்னொரு கையில் துணியுமாக நின்று சுவரெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் அடிங்கம்மா, ஜன்னல் பக்கம்" என்று அத்தான் உள்ளிருந்து சொன்னார்.

"மூணாவது டப்பா சார் இது. எலுமிச்சையும் நாறுது, அதுவும் நாறுது."

"புது பெயின்ட் வாசனைம்மா அது."

"பெயின்டுக்கு எங்க சார் ஈ மொய்க்குது?" என்றார் அந்த அம்மாள். அத்தான் காதில் வாங்கவில்லை.

எலுமிச்சைக்கு அடியில் இருந்த அந்த நாற்றம் ஆமைக்காரிக்குத் தெரிந்த நாற்றம். கூடத்தின் நடுவில், சோபாவுக்கும் பெரிய டிவிக்கும் இடையே, ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மஞ்சள் பல்பு எரிந்தது. அட்டையில் கோழி முட்டை அடுக்குவதுபோல் குழிகுழியான தட்டுகளில் நீள்வட்ட முட்டைகள் பளபளவென்று நின்றிருந்தன. பெட்டியின்மேல் 'உங்கள் புதிய அண்டை வீட்டார்' என்று எழுதி, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஆமை ஒன்று சிரிப்பதுபோல் படம்.

"எப்படி?" என்றார் அத்தான். புதுச் சட்டை, புது ஷூ. முகத்தில் பெண் பார்த்து வந்த மாப்பிள்ளையின் பூரிப்பு. "நீ கூண்டைப் போட்டுட்டுப் போயிட்ட. மறுநாளே மழை. மேட்டுல தண்ணி ஓடுது. முட்டையெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும்னு பயந்துட்டேன். உடனே கோழிப் பண்ணைக்காரர் ஒருத்தரைப் பிடிச்சேன். அவரே ஆளோட வந்து ஒண்ணுகூட உடையாம எடுத்துக் குடுத்தார்."

"எடுத்து?"

"மண்ணும் சேறுமா இருந்துச்சு. சோப்புத் தண்ணில கழுவினோம். பஞ்சால துடைச்சு..."

"அத்தான்."

"இரு, மெயின் விஷயமே இனிமேதான். இது சாதாப் பெட்டி இல்ல. ஒவ்வொரு மணி நேரமும் தானாவே முட்டையைத் திருப்பிக் குடுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடு! கோழி காலால உருட்டும் பாரு, அதே கணக்கு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் 'க்ர்ர்' என்று சத்தம் வந்தது. தட்டுகள் மெல்லச் சாய்ந்தன. முட்டைகள் எல்லாம் ஒன்றுபோல் அந்தப் பக்கம் சரிந்து நின்றன. சோபாவில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்த விற்பனைப் பெண்கள் இருவர், "ஐ, திரும்புது!" என்று கை தட்டினார்கள்.

கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கெடும். ஆமை முட்டையைத் திருப்பினால் கெடும். மண்ணுக்குள் போட்ட மறுநாளே கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு முட்டையை அசைக்கவே கூடாது, புரட்டினால் அறுந்து, தன் மஞ்சள் கருவுக்கடியிலேயே நசுங்கிச் சாகும். அவள்கூட ஒரு முட்டையையும் கையால் தொட்டதில்லை. இவர்கள் கழுவித் துடைத்து, மணிக்கொரு தடவை புரட்டி, விளக்குப் போட்டுச் சாகடித்திருக்கிறார்கள்.

அதை அவள் சொன்னாள். சத்தம் போடாமல், சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். அத்தானின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. பிறகு மறுபடி நிமிர்ந்தது.

"எல்லாமே செத்திருக்காதுல்ல? ஒண்ணு ரெண்டு தேறும்."

"மோந்து பாருங்க."

"நான்தான் சொன்னேனே, பெயின்ட்..."

"அத்தான், நிஜமாத்தான் சொல்றீங்களா? மேட்டைக் காலி பண்றதுக்குன்னு செஞ்சீங்கன்னு சொல்லிடுங்க. நான் திட்டிட்டுப் போயிடறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்னை அப்படியா நினைச்ச? வேணும்னா உங்க அக்காகிட்ட கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவே கூப்பிட்டாள். "என்னடி, அவரை என்ன சொன்ன? மெசேஜ்ல அழுகைப் படமா அனுப்பறார். தினமும் சாப்பிட உட்கார்ந்தா அந்த முட்டைப் பேச்சுதான். நம்ம பாப்பா இன்குபேட்டர்ல இருந்தப்பகூட இப்படித் தவிக்கலடி மனுஷன்."

அவள் போனை வைத்தாள். அவர் ஏமாற்றியிருந்தால் தாங்கியிருப்பாள். ஏமாற்றுகிறவனுக்கு எதிராக நிற்க ஒரு இடம் இருக்கும். இந்த ஈரமான நல்லெண்ணத்தை எங்கே பிடிப்பது, எப்படி அடிப்பது என்று தெரியவில்லை.

அதற்குள் வாசலில் கார்கள். வீடு வாங்க வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். அனுமதி அலுவலகத்தின் அதிகாரியும் வந்தார். கட்டை குட்டையான மனிதர். நிபந்தனைகளை எழுதியவர் அவர்தான். கூடத்துக்குள் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு, மரியாதைக்காகச் சிரித்தார்.

"பிரமாதம். எப்ப பொரிக்கும் இதெல்லாம்?"

அத்தான் ஆமைக்காரியைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை. வீட்டில் அக்கா கோபித்துக்கொள்ளும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

"பொரிக்காது சார்" என்றாள் அவள்.

பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே அடைந்து கிடந்த நாற்றம் மொத்தமும் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு பின்வாங்கினாள். ஆமைக்காரி ஒரு முட்டையை எடுத்து, காபி மேசையில் அழகுக்கு வைத்திருந்த வெள்ளைத் தட்டில் வைத்து விரலால் அழுத்தினாள். பச்சையும் சாம்பலுமாக ஒரு கூழ் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதன் நடுவே விரல் நகம் அளவுக்கு ஒன்று, மடங்கிய கால்களோடு. ஓடு உருவாகத் தொடங்கியிருந்தது.

யாரோ ஓங்கரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

"இங்க சின்னக் குழந்தைங்க இருக்காங்கம்மா" என்றார் அதிகாரி கண்டிப்பாக. பிறகு அத்தானை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் அவருடைய குரல் ஓரத்தில் நிற்கும் குரல் இல்லை. "வருத்தமான விஷயந்தான். உங்க எண்ணம் நல்லது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. இப்ப மேட்டுல கூடு இருக்கா?"

"இல்ல சார். எல்லாத்தையும்தான் எடுத்துட்டோமே."

"கூடு இல்ல. குஞ்சும் இறங்கல. அப்ப நிபந்தனை எங்க இருந்து வரும்?" என்றார் அதிகாரி. "நீங்க உங்க வேலையைப் பாக்கலாம். முதல்ல ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க."

அத்தானின் முகத்தில் துக்கமும் சந்தோஷமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். துக்கம் தோற்றது. அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

நிகழ்ச்சி மேட்டுக்கு நகர்ந்தது. வருகிறவர்கள் கையால் ஆமையைக் குளத்தில் விடுவதாக ஏற்பாடு. அதற்காகக் குளத்திலிருந்தே சில ஆமைகளை வலை போட்டுப் பிடித்து, நீல பிளாஸ்டிக் தொட்டியில் போட்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் கை மாற்றி, கன்னத்தோடு வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் தன் கார்ச் சாவியை ஆமையின் முதுகில் வைத்தார். அதிகாரியின் கைக்கு வந்த ஆமை அவருடைய இஸ்திரி போட்ட பேண்ட்டின்மேல் தாராளமாக நீரை விட்டது.

"ஐயோ சார்! அதிர்ஷ்டம் சார்!" என்றார் அத்தான், டிஷ்யூ பேப்பரால் துடைத்தபடி.

"விடுங்க, விடுங்க. இந்தாம்மா, நீயே பிடி."

ஆமைக்காரி அதை வாங்கினாள். பெரிய பெட்டை. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பழக்கத்தில் அவள் விரல்கள் பின்னங்காலுக்கு முன்னே, ஓட்டுக்குள் போகும் மெத்தென்ற குழிக்குள் இறங்கின. உள்ளே கூழாங்கற்கள்போல் கெட்டியாக இரண்டு, மூன்று. தள்ளிப் பார்த்தாள். இன்னும் இருந்தன. இந்த இனம் ஒரு பருவத்தில் இரண்டாவது தடவையும் முட்டையிடும்.

"சார், கூடு இருக்கான்னு கேட்டீங்க" என்றாள். "விரலைக் குடுங்க."

அவர் பிடிவாதமாகக் கையைப் பின்னால் இழுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் குழிக்குள் விரலை வைத்து அழுத்தினாள். அதிகாரியின் உதடு அருவருப்பில் கோணியது. "என்னம்மா இது, கல்லு மாதிரி?"

"முட்டை. இன்னிக்கோ நாளைக்கோ போட்டாகணும். இந்த மேட்டுலதான் போடும். வேற எங்கயும் போடாது."

"வயித்துல இருக்கறது கூடு ஆகாதும்மா. மண்ணுல வெச்சாத்தான் கூடு. விதி அப்படி."

"மண்ணுல வெச்சா?"

"வெச்சா கூடுதான். என் கண்ணால பாத்தா, மேட்டைத் தொடக்கூடாதுன்னு நானே எழுதித் தரேன்." கூட்டம் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. "அது வெக்கட்டும் முதல்ல. சரளைல எங்க வெக்கும்?"

அவள் ஆமையைத் தரையில் விட்டாள். அது குளத்தின் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிக் கால்களுக்கிடையே புகுந்து, மேட்டின் உச்சிக்குப் போய், பின்னங்கால்களால் சரளையைப் பறண்டியது. கரகரவென்ற சத்தம். நகம் வழுக்கியது. இடம் மாறிப் பறண்டியது. மறுபடி வழுக்கியது.

"டான்ஸ் ஆடுது!" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அத்தான், ஒரு கடப்பாரை கொண்டுவரச் சொல்லுங்க."

அத்தான் வீடு வாங்க வந்தவர்களைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். "நேத்துதாம்மா இறுக்கினாங்க" என்றார் மெதுவாக.

அவள் முழந்தாளிட்டு, ஒரு நாற்காலியைச் சாய்த்துப் பிடித்து அதன் இரும்புக் காலால் சரளையைக் குத்தினாள். கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. கையால் வாரி வீசினாள். விரல் நுனியெல்லாம் தோலுரிந்தது. கீழே மண் தெரிந்தது. இன்னும் ஈரமான, அவளுக்குத் தெரிந்த மண். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துப் பின்வரிசையில் கை தட்டினார்கள். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் இழுத்துப் போட்டார்கள். குழிந்த மண்ணைச் சுற்றி வட்டமாகச் செருப்புகள், ஷூக்கள், நீட்டிய போன்கள்.

ஆமை மண்ணை மோந்தது. கழுத்தை நீட்டி, சுற்றி நின்ற கால்களைப் பார்த்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதிகாரிக்குக் குளிர்பானம் வந்தது. ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டார்.

"நாம எல்லாரும் எழுந்து போனாத்தான் சார் அது போடும்" என்றாள் ஆமைக்காரி.

யாரும் எழுந்திருக்கவில்லை.