கொசுறுக்குப் பட்டன் இல்லை

கறிவேப்பிலைக்குக் காசு கேட்டான் காய்க்கடை ரத்தினம். கிளியம்மாள் முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டாள். பெங்களூர் ரோட்டோரம் அவள் சாப்பாட்டுக் கடை போட்ட நாளிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் சந்தையில் இவனிடம்தான் காய். கத்தரிக்காயை நிறுத்துப் போட்ட பிறகும் பையை மூடமாட்டாள்; அவன் கை தானாகக் கறிவேப்பிலைப் பக்கம் போகும். விலைக்கு மல்லுக்கட்டிய இரண்டு பேர் சிரித்துப் பிரிவதற்கு அந்த இணுக்குதான் சாட்சி.

"இன்னா ரத்தினம், கொசுறுக்கா காசு?"

"நான் இன்னாக்கா பண்றது? மிஷின் வந்துட்ச்சி. இது பொய் சொல்லாது. இனிமே எதுவா இருந்தாலும் நிறுத்துதான் குடுப்பேன். கொசுறுக்கு இதுல பட்டனே இல்ல."

பழைய தராசு மூலையில் கோணிக்கு அடியில் கிடந்தது. அதன் இடத்தில் மின்சாரத் தராசு, தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் அந்தச் சந்தைக்கே முதலாவது, நெற்றியில் சிவப்பு எண்ணும் கழுத்தில் சாமந்தி மாலையுமாகப் புது மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. பழையதன் முள்ளைக் காட்டிச் சண்டை போடலாம். தட்டுக்கு அடியில் போகும் ரத்தினத்தின் சுண்டுவிரலைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இதனிடம் என்ன பேசுவது? ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு அவள் ஊற்றும் சாம்பாரின் வாசனை முழுக்கக் கொசுறில் வந்தது. இன்று கறிவேப்பிலைக்குக் கொடுத்தால் நாளைக்குக் கொத்தமல்லி, மறுநாள் இஞ்சி. பின்னால் நின்ற பெண்கள் அவள் முந்தானை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் அவிழ்த்தால் அவர்களும் அவிழ்க்க வேண்டியதுதான்.

"சரிப்பா. நிறுத்தே குடு."

ஒரே ஒரு இணுக்கைக் கிள்ளித் தட்டில் வைத்தாள். சிவப்பு எண் அசையவில்லை.

"இன்னா சொல்லுது உன் மாப்ள?"

ரத்தினம் குனிந்து எண்ணைப் பார்த்தான். "சைபரு."

"அப்ப காசும் சைபரு." இணுக்கு பைக்குள் போனது. இன்னொன்றை வைத்தாள். சைபர். அதுவும் பைக்குள்.

"யக்கா, மொத்தமா வையிக்கா."

"எனுக்கு ஒண்ணொண்ணாதான் வோணும். பொய் சொல்லாத மிஷினாச்சே, அதுக்கு இன்னா கஷ்டம்?"

வரிசை சிரித்தது. ரத்தினத்தின் கை சுவிட்சைத் தேடிப் போனது.

"அணைக்காதப்பா. இன்னும் கொத்தமல்லி கீது."

அவன் கை பாதியில் நின்றது. கண் மட்டும் மூலையிலிருந்த கோணியைத் தொட்டுவிட்டு வந்தது. அதற்குள் அடுத்து நின்ற காந்திமதி, இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, குவியலில் துழாவித் துழாவி ஒல்லியாக ஒரு பச்சை மிளகாயைப் பொறுக்கினாள். காம்பைப் பிடித்து, தட்டின் நட்டநடுவில், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தாள். எல்லாத் தலைகளும் முன்னால் சாய்ந்தன. சிவப்பு சைபர் ஒருமுறை துடித்தது.